சொல்லாமல் விட்ட சேதி

அவரைத் தீக்காய வார்டில் மூன்று நாட்கள் பார்த்தேன். எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் என் தம்பிக்குக் கைகள் வெந்திருந்தன. அடுத்த கட்டிலில் அதே விபத்தில் வெந்த, தமிழ் தெரியாத ஒரு பீகார் வாலிபன். அவனுக்கும் டாக்டருக்கும் நடுவில் நின்று பேசியவர்தான் அவர். அவருக்கும் பீகார்தான். பதினைந்து வருடங்களாகப் பட்டாசுக் கம்பெனிகளில் லோடு ஏற்றுகிறவர். ஒல்லியான உடம்பு, நரைத்த தாடி. ஒவ்வொரு முறையும் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டுதான் மொழி மாறுவார்.

இரண்டாம் நாள் மதியம் டாக்டர், "பையன் பிழைக்க மாட்டான். வீட்டுக்கு ஏதாவது சொல்லணுமான்னு கேளுங்க" என்றார். அவர் தலையாட்டினார். கண்ணை மூடியவர் திறக்க வெகுநேரமாயிற்று. பிறகு இந்தியில் ஏதோ சொன்னார். வாலிபன் சிரித்தான்.

அவனிடம் என்ன சொன்னீர்கள் என்று வராந்தாவில் அவரிடம் கேட்டேன்.

"சீக்கிரம் ஊருக்குப் போயிரலாம்னு சொன்னேன் அண்ணாச்சி."

"டாக்டர் சொன்னத ஏன் சொல்லல?"

"தமிழ்ல கேக்கும்போது அது வெறும் சேதியாத்தான் இருந்துச்சு. சரின்னு தலையாட்டிட்டேன். எங்க பாஷையில சொல்ல வாயெடுத்தா, என் கூடப்பொறந்தவனே சாகுற மாதிரி ஆயிருச்சு."

மறுநாள் காலை வாலிபன் இறந்தான். அவர்தான் ஊருக்குப் போன் செய்தார். கடைசியாக என்ன சொன்னான் என்று தாய் கேட்டாளாம்.

அவர் செய்தது தப்பு என்றுதான் நினைத்தேன். அன்று மாலை டாக்டர் என்னைக் கூப்பிட்டு, தம்பியின் வலது கையை எடுக்க வேண்டும் என்றார். சரி என்று தலையாட்டினேன். வார்டுக்குள் போய்த் தம்பியிடம், "ஒண்ணுமில்லடா, ஆறிரும்" என்றேன்.