முன்சுவரில் காய்ந்த காகிதம்

தையல் கடையில் துணி வெட்டும் வேலை பார்த்ததால் அவளுக்குக் கத்தரி என்று பேர் வந்தது. வாயும் அப்படித்தான் என்பார்கள். கணவனோடு ஒத்துவராமல் பிறந்த வீட்டுக்குத் திரும்பியபோது, ஏன் வந்தாய் என்று கேட்டவர்களிடம், "வழி தெரிஞ்சுது, வந்தேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள் அவள்.

கடையில் மிஞ்சும் பருத்தித் துண்டுகளைக் குப்பையில் கொட்ட அவளுக்கு மனசு வரவில்லை. மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பொடியாக நறுக்கி, ஊறவைத்து, கூழாக அரைத்து, வலை அடித்த சட்டத்தில் அள்ளி, மொட்டைமாடியில் காகிதமாகக் காயவைத்தாள். முதலில் வந்தவை தொட்டாலே பிய்ந்தன. கை பழகியதும் கூழில் பூவிதழ்களைத் தூவினாள். தாள்களை மடித்துத் தைத்து, துணி அட்டை போட்டு, டைரிகளாக்கினாள். மரம் வெட்டாத காகிதம் என்று ஒரு பரிசுப்பொருள் கடைக்காரர் ஆசையாக வாங்கினார். பெரிய பெட்டி நிறைய வேண்டும் என்று மறுபடியும் கேட்டார்.

அலுவலகத்தில் மேலாளராக இருந்த அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. தங்கை கந்தல் மூட்டையோடு தெருவில் வருவது அவருக்குத் தலைகுனிவாக இருந்தது. கூட வேலை பார்ப்பவர்களை விருந்துக்கு அழைத்திருந்த நாளில், காலையிலேயே மாடிக் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அரைத்த கூழ் தொட்டி நிறைய இருந்தது. விட்டால் நாறிவிடும்.

கத்தரி யாரிடமும் கெஞ்சவில்லை. தொட்டியை முன்வாசலுக்கு இழுத்து வந்தாள். சட்டத்திலிருந்து ஈரத் தாள்களைத் துணியில் கவிழ்த்து, துணியோடு ஏந்தி முன்சுவரில் ஒட்ட ஆரம்பித்தாள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அண்ணி பதறிப்போய், அவர் வந்தால் என்னைத்தான் கேட்பார் என்றாள்.

"கேக்கட்டும் அண்ணி. பதில் சொல்ல நான் இருக்கேன்ல."

அண்ணி முந்தானையை இடுப்பில் செருகினாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து துணியின் மறுமுனையைப் பிடித்தாள். கதவோரம், ஜன்னலுக்குக் கீழே, வாசல் கேட் வரைக்கும் ஒட்டி முடித்தார்கள்.

சாயங்காலம் விருந்தாளிகளோடு வந்த அண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டார். "என் மானத்தை வாங்கணும்னே பண்றியா?"

"மாடியைப் பூட்டினது நீங்க. வீட்ல எனக்கும் பாதின்னு அப்பா எழுதி வெச்சிருக்கார். இதை என் பாதின்னு வெச்சுக்கோங்க."

அவர் ஈரம் காயாத ஒரு தாளை உரித்துக் கீழே எறிந்தார். அவள் அதை எடுத்துத் தொட்டியில் போட்டுக் கரைத்தாள். புதுத்தாள் அள்ளி அதே இடத்தில் ஒட்டினாள்.

"நீங்க பிச்சுக்கிட்டே இருங்க. நான் ஒட்டிக்கிட்டே இருக்கேன். யாருக்கு முதல்ல கை வலிக்குதுன்னு பார்த்துடலாம்."

விருந்தாளி ஒருவர் இருமினார். அண்ணன் பக்கவாசல் வழியாக எல்லோரையும் உள்ளே கூட்டிப் போனார்.

பெட்டி நிறைய டைரிகள் கடைக்குப் போயின. தாள்களில் சுவரின் சொரசொரப்பு பதிந்திருக்கிறதே என்று கடைக்காரர் இழுத்தார். இனிமேல் இப்படித்தான் வரும் என்றாள் கத்தரி. அவர் வாங்கிக்கொண்டார்.

சில வாரம் கழித்து, மாடியைத் திறந்து தருவதாக அண்ணி மூலம் சொல்லி அனுப்பினார் அண்ணன். முன்பக்கம் வெயில் நன்றாக அடிக்கிறது, தேவையில்லை என்று பதில் போனது. அவர் இன்றைக்கும் பக்கவாசலில்தான் போய் வருகிறார். தங்கையிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதில் அவளுக்கு வருத்தம் உண்டு. ஆனால் வெயில் நாளில் சுவரைச் சும்மா விடுவதில்லை.