முதுகுப்பையுடன் குலதெய்வம் கோயிலுக்கு

இரண்டு முதுகுப்பைகளை வாங்கிவந்து கட்டிலில் போட்டபோது என் கணவருக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. கண்டிக்கு வருகிற வெள்ளைக்காரச் சோடிகள் வாவியோரமாக இப்படித்தான் பையை மாட்டிக்கொண்டு திரிவார்கள். பார்த்துப் பார்த்து அவருக்கும் ஆசை வந்துவிட்டது. நான் ஒரு பையைத் தூக்கி முதுகில் வைத்துப் பார்த்தேன். மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்தில் என் அம்மா ஆயுசு முழுக்கக் கொழுந்துக் கூடையைச் சுமந்ததே என் முதுகில் ஒன்றும் ஏறக்கூடாது என்றுதான். அவள் பெற்ற மகள் இப்போது பொழுதுபோக்குக்குச் சுமக்கப் போகிறாள். இதைச் சொன்னதும் அவர் சிரிப்பு போய்விட்டது.

"எதுக்கெடுத்தாலும் தோட்டத்த இழுக்காத" என்றார்.

பையை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றப் போகிறோம் என்பது வெளியே சொல்லிக்கொண்ட பேச்சு. உள்ளே விசயம் வேறு. கல்யாணமாகி வருசங்கள் ஓடியும் எங்களுக்குப் பிள்ளை இல்லை. கண்டியில் பார்த்த டொக்டர்கள் இருவரிடமும் குறையில்லை என்றார்கள். கதிர்காமத்துக்கு நேர்ந்தோம், மடு மாதாவுக்கும் நேர்ந்தோம். கடைசியில் என் மாமியார் காரணத்தைக் கண்டுபிடித்தார். அவர்களுடைய குலதெய்வம் இந்தியாவில் நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கேயிருந்து வந்துதான் கணவரின் தாத்தா கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் புடவைக் கடை போட்டார்; கணவரின் பெரியப்பா குடும்பம் இன்னும் அங்கேதான். அந்தக் குடும்பத்துக்கு வாழ வந்த பெண் குலதெய்வத்தின் முன்னால் தன் கையால் ஒருமுறை பொங்கல் வைக்க வேண்டும். வைத்த பிறகுதான் அவள் மருமகள். நான் வைக்கவில்லை, அதனால் சாமிக்கு என்னைத் தெரியாது.

கேட்டபோது சிரிப்பு வந்தது. ஆனால் அந்தப் பொங்கல் எனக்கும் வேண்டியிருந்தது. நான் நகரசபையில் கிளார்க். கடை லைசென்ஸ் புதுப்பிக்க வந்தவர் லைசென்ஸோடு என்னையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று ஆபீஸில் இன்றைக்கும் கேலி செய்வார்கள். அந்த வீட்டில் நான் சமைக்கலாம், கூட்டலாம், கடைக் கணக்குப் பார்க்கலாம். சாமி அறை விளக்கை மட்டும் ஏற்றக்கூடாது. குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தவள்தான் ஏற்றலாம் என்பார் மாமியார். வெள்ளிக்கிழமை தவறாமல் நிலைக்கு வெளியே நின்று அவர் விளக்கேற்றுவதைப் பார்ப்பேன். பிள்ளை பிறக்குமோ இல்லையோ, அந்த நிலையைத் தாண்டிவிட வேண்டும் என்றுதான் நான் கிளம்பினேன்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் யாழ்ப்பாண பஸ்ஸைப் பிடித்து, அங்கேயிருந்து காங்கேசன்துறைக்குப் போனோம். கப்பல் ஏறுமுன் ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தோம். கடைக்கார அம்மா எங்கள் பைகளையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்கயிருந்து வாறியள்?"

"கண்டி" என்றேன்.

"தோட்டப் பக்கமோ?"

நான் வாயைத் திறக்குமுன் என் கணவர் முந்திக்கொண்டார். "இல்ல, டவுன்."

கப்பல் கரையை விட்டு நகர்ந்ததும் அவர் என் பக்கம் சாய்ந்து உட்கார்ந்தார். "பெரியப்பா வீட்டுல தோட்டம், லயத்து வீடுன்னு பேச்செடுக்காத. டவுன்னு சொன்னாப் போதும்."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"இதுல பொய் என்ன இருக்கு? இப்ப டவுன்லதானே இருக்கோம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எழுந்து போய்க் கப்பல் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கரையில் இறங்கியதும் பாஸ்போர்ட் பார்த்த அதிகாரி, "சிலோனா? தமிழ் நல்லாப் பேசுறீங்களே" என்று பாராட்டினார். என் பாட்டன் பூட்டனைத் தேயிலைக்கு ஏற்றி அனுப்பிய நாட்டில் என் தமிழுக்கு நற்சான்று கிடைத்தது. நன்றி சொல்லிவிட்டு வந்தேன், வேறு என்ன செய்ய.

பெரியப்பா வீடு கடற்கரைக்குப் போகும் தெருவில் இருந்தது. ஓட்டோ வேண்டாம், நடந்தே போவோம், அதுதான் இந்தப் பயணத்தின் ருசி என்றார் அவர். உச்சி வெயில். பாதி வழியில் என் பையின் ஒரு தோள்வார் தையல் விட்டுத் தொங்கியது. அவர் தன் பையோடு முன்னே போய்க்கொண்டிருந்தார். நான் துப்பட்டாவைப் பையின் மேல்வளையத்தில் கோத்து முடிந்து, அதை உச்சந்தலையில் மாட்டி, கொஞ்சம் முன்னால் குனிந்து நடந்தேன். யோசித்துச் செய்யவில்லை. சின்ன வயதில் அப்படித்தான் விறகு சுமந்திருக்கிறேன். பாரம் கழுத்தில் இறங்கி உட்கார்ந்ததும் உடம்புக்கு அவ்வளவு சுகமாக இருந்தது.

வீடு கண்ணுக்குத் தெரிந்தது. வாசலில் பெரியம்மா ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தார். எதிர்ப்பக்கம் கருவாடு விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் என்னைப் பார்த்து எழுந்தே விட்டாள். அறுபது வயதிருக்கும்.

"எந்தத் தோட்டம் புள்ள நீ?"

உலகத்தில் வேறு யாரும் யாரையும் இப்படிக் கேட்கமாட்டார்கள். என்ன பெயர், என்ன ஊர் என்றெல்லாம் பிறகு வரும். எங்கள் ஆட்கள் எங்கள் ஆட்களைக் கண்டால் முதல் கேள்வி அதுதான். என் கணவர் திரும்பி, "அவ டவுனுங்க" என்று சொல்வதும் நான் "மடுல்கெல்ல" என்று சொல்வதும் ஒன்றாக நடந்தன. சொல்லக்கூடாது என்பது எனக்கு மறந்தே போயிற்று. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமலிருக்க என் வாய்க்குத் தெரியாது.

"கயிறு மாட்டுற கழுத்தப் பாத்தா எனக்குத் தெரியாதா? நான் பன்வில பக்கத்துத் தோட்டம். எங்கள இந்தியாவுக்குக் கப்பல் ஏத்தி அனுப்புனப்ப உன் வயசுகூட இல்ல எனக்கு" என்று கருவாட்டு நாற்றத்தோடு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். என் அம்மாவுக்கு வேலை கொழுந்து மலையிலா, தேயிலை அரைக்கிற ஸ்டோரிலா என்று கேட்டாள். நானும் அழுதேன். தெருவே பார்த்தது. பெரியம்மாவும் பார்த்தார்.

ஆரத்தி எடுத்தார்கள், குறை சொல்ல முடியாது. ராத்திரிச் சாப்பாட்டில்தான் பெரியம்மா மெதுவாக ஆரம்பித்தார்.

"உங்கப்பா என்னம்மா பாத்தாரு?"

"தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுனாருங்க."

"ஓ. அப்ப நீங்கள்லாம் என்ன ஆளுங்க?"

என் கணவர் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நானே சொன்னேன். பெரியம்மா மறுபடி எனக்குச் சோறு வைக்கவில்லை, வேண்டுமா என்றும் கேட்கவில்லை.

காலையில் தலைக்குக் குளித்து, வெறும் வயிற்றோடு, புதுச்சேலை கட்டி, புதுப்பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். சவுக்குத் தோப்புக்கு நடுவே சின்னக் கோயில். சுற்றிலும் மூங்கில் வேலி. உள்ளே பங்காளிகள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். வேலிப் படலருகில் பெரியம்மா என் கையிலிருந்த பானையை வாங்கிக்கொண்டார்.

"உனக்கு இங்கத்து வழக்கம் தெரியாதும்மா. பொங்கல நானே வச்சுடுறேன். நீ அந்த மர நிழல்ல உக்காந்துக்க."

நான் என் கணவரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். 'அவ வைக்கத்தான் கடல் தாண்டி வந்தோம்' என்றால் போதும். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "யாரு வச்சா என்ன, சாமி ஒண்ணுதானே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வேலிக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். விறகு பற்றவைக்கிற புகை என் பக்கமே வந்தது. பூசாரி பேசுவது துல்லியமாகக் கேட்டது. பேர், நட்சத்திரம் கேட்டார். கணவர் தன்னுடையதைச் சொன்னார். "சம்சாரத்துக்கு?" என்று பூசாரி கேட்டார்.

"எனக்கு மட்டும் போதுங்க" என்றார் என் கணவர்.

உள்ளே குலவை போட்டார்கள். பொங்கியிருக்க வேண்டும். இலையில் எனக்கும் கொஞ்சம் கணவர் கொண்டுவந்து தந்தார். நான் அதைக் காக்கைக்கு வைத்துவிட்டு எழுந்தேன். அன்று சாயங்காலம் கடற்கரையில் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு நின்று என்னைப் படம் எடுக்கச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். நல்ல படம்தான், கடலெல்லாம் தெரிந்தது.

திரும்பும் கப்பலில் கேட்டேன். "ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"அந்த எடத்துல சண்டை வேணாம்னு பாத்தேன்."

"யாரோட சண்டை? அவங்களோடயா, என்னோடயா?"

அவர் கடலைப் படம் எடுக்க எழுந்து போனார். நான் மனதுக்குள் அவருக்காக ஒரு சமாதானமும் தேடிக்கொண்டிருந்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எரிச்சல் வருகிறது. உறவுக்காரர்கள் முன்னால் கூச்சப்பட்டுவிட்டார், பயந்த சுபாவம், வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும், மாமியாராவது என் பக்கம் பேசுவார், பிள்ளைக்காக அனுப்பிவைத்தவர் அவர்தானே. இப்படியே யோசித்துக்கொண்டு கட்டுகஸ்தோட்டை வரைக்கும் வந்தேன்.

மாமியார் வாசலிலேயே காத்திருந்தார். பையைக்கூட இறக்கவிடவில்லை.

"பொங்கல் எந்தப் பக்கம் பொங்குச்சு?"

"கிழக்கால பொங்குச்சும்மா" என்றார் அவர்.

"எனக்குத் தெரியாதுங்க மாமி. என்னைய வேலிக்கு வெளிய உக்கார வச்சுட்டாங்க" என்றேன்.

மாமியார் என் பக்கம் திரும்பவே இல்லை. மகன் முகத்தைப் பார்த்து, "ஏன், இவ யாருன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சா?" என்று கேட்டார்.