மீசை வெளுத்த நாற்பது சட்டைகள்

எழிலரசியின் படுக்கையறையில் பீரோ இருந்த இடத்தில் இப்போது ஹீட் பிரஸ் மிஷின் உட்கார்ந்திருக்கிறது. பீரோ கூடத்துக்கு வந்துவிட்டது. இதனால் அதிகம் கஷ்டப்பட்டவன் அவள் புருஷன் இளவரசு. அவன் மீசைக்கு டை அடிப்பது அந்த பீரோக் கண்ணாடியின் முன்னால்தான். கதவைச் சாத்திக்கொண்டு ரகசியமாகச் செய்துவந்த காரியத்தை, இப்போது பால்காரர் முதல் கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வரை எட்டிப் பார்க்கிற கூடத்தில் செய்ய வேண்டியிருந்தது.

செம்மங்குப்பத்துக்குப் பக்கத்தில் அவர்கள் வீடு. பதினைந்து வருஷம் ரவிக்கை தைத்தவள் எழிலரசி. ரவிக்கை தைப்பது என்பது ஊரில் பாதிப் பேரைப் பகைத்துக்கொள்கிற தொழில். உடம்பு பெருத்தவர்கள் தையல்காரியைத்தான் திட்டுவார்கள். சலித்துப்போய் இருந்தபோது செல்போனில் ஒரு வீடியோ பார்த்தாள். காகிதத்தில் படத்தை பிரிண்ட் எடுத்து, பனியன் மேல் வைத்து, சூட்டில் ஒரு நிமிஷம் அழுத்தினால் படம் துணியில் ஏறிவிடுகிறது. துணி பெருக்காது, இளைக்காது, பேசாது. மறுமாதமே மிஷின் வந்துவிட்டது.

வந்த நாளிலிருந்து வீட்டில் ஒரு சட்டம் அமலானது. மிஷின் ஓடும்போது தண்ணி மோட்டார் போடக்கூடாது, மிக்சி ஓட்டக்கூடாது. மீறினால் பியூஸ் போய்விடும். நைட் ஷிப்ட் வாரங்களில் பகலில் தூங்குகிற இளவரசுக்கு பேன் நின்றுபோகும். துணி கருகினால் ஒரு வாடை கிளம்பும். முதல் தடவை அந்த வாடை வந்தபோது எதிர்வீட்டுக்காரர்கள் பக்கத்துக் கெமிக்கல் கம்பெனியில் எதுவோ கசிந்துவிட்டதென்று மூக்கைப் பொத்திக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவந்தார்கள். எழிலரசியும் மூக்கைப் பொத்திக்கொண்டு அவர்களோடு போய் நின்றாள்.

பரங்கிப்பேட்டை கபடிக் குழுவுக்கு பனியன் அடித்தபோது படத்தைத் திருப்பிப் போட மறந்து, எல்லார் பேரும் இடம் வலமாக மாறிவிட்டது. பையன்கள் அதையே போட்டுக்கொண்டு ஆடினார்கள். இளவரசு மட்டும் இன்றுவரை அதை மறக்கவில்லை.

அவன் தங்கச்சி பவானி சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் பிள்ளைகள் இரண்டுக்கும் காதணி விழா. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பதால் அன்றைக்கு இளவரசுதான் ராஜா. சீர்வரிசையோடு போகிற பங்காளிப் பிள்ளைகள் எல்லாரும் அவன் படம் போட்ட பனியன் போட வேண்டும் என்று ஆசைப்பட்டான். பவானிக்கு முன்கூட்டித் தெரியக்கூடாது; திடீரென்று போய் நின்று அசத்த வேண்டும்.

"நாப்பது சட்டை அடி. ஒழுங்கா வந்துச்சுன்னா மிஷின் இருக்கட்டும். கபடிக் கூத்து மாதிரி ஆச்சுன்னா வித்துப்புட்டு பீரோவை உள்ள ஏத்திடுவேன். என்னா?"

"சரிங்க. ஆனா துணி நான்தான் எடுப்பேன். முழு பாலியஸ்டரா இருக்கணும்."

"சித்திரை வெயில்ல பாலியஸ்டரா? சாக்குல போட்டுக் கட்டின மாதிரி இருக்கும். பசங்க மேளத்துக்கு ஆடுவானுங்கடி. நான் காட்டன் எடுத்தாறேன்."

"காட்டன்ல இந்த மை ஏறவே ஏறாதுங்க."

இளவரசு யோசித்து நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தான். கடைக்காரர் பாதி காட்டன், பாதி பாலியஸ்டர் என்று சொன்ன வெள்ளை பனியன் நாற்பதை மூட்டையாகக் கட்டி வண்டியில் கொண்டுவந்து இறக்கினான். போதாததற்கு, மீசை நல்ல கறுப்பாக இருக்கிற போட்டோ ஒன்றையும், 'தாய்மாமன் வர்றான் வழிவிடு' என்ற வாசகத்தையும் கொடுத்தான். எழுத்து மங்களகரமாக மஞ்சளில் இருக்க வேண்டுமாம்.

எழிலரசிக்கு விஷயம் தெரியும். சூட்டில் அந்த மை ஆவியாகிப் பாலியஸ்டர் நூலுக்குள் புகுந்துகொள்ளும். வறுத்த மீனில் மசாலா ஊறின மாதிரி. பருத்தி நூலில் மேலே சும்மா ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். ஒரு தண்ணி பட்டால் அது கழன்றுவிடும். ஆனாலும் அடித்து முடித்தபோது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நாற்பது நெஞ்சிலும் இளவரசு தார் பூசின மீசையோடு சிரித்தான். விழா ஒரு நாள்தானே, ஒரு பொழுது போட்டுக் கழற்றிவிட்டால் தப்பித்தோம் என்று கணக்குப் போட்டாள். மூட்டை கட்டி வைத்து, "யாரும் இதுக்குத் தண்ணி காட்டாதீங்க" என்று வீட்டில் எல்லாருக்கும் சொன்னாள்.

மங்கலத்துக்குச் சொல்லவில்லை. சொல்லும்போது மங்கலம் கம்மாபுரத்தில் இருந்தாள்.

மங்கலம் இளவரசுக்கும் பவானிக்கும் அக்கா. விழாவுக்கு முந்தின நாள் காலையில் வந்து இறங்கினாள். சும்மா உட்காரத் தெரியாதவள். எழிலரசி சீர்த்தட்டுக்குப் பழமும் பூவும் வாங்கத் திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரத்தில் மூட்டையைப் பிரித்து முகர்ந்து பார்த்திருக்கிறாள். சுட்ட வாடை. புதுத்துணியைக் கஞ்சி போக அலசாமல் போடுகிற வழக்கம் அவள் மாமியார் வீட்டில் இல்லை.

எழிலரசி திரும்பி வந்து ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே மாடியைப் பார்த்துவிட்டாள். கொடி முழுக்க இளவரசு தொங்கிக்கொண்டிருந்தான். காலையில் பார்த்த இளவரசு இல்லை. ஒரே மத்தியானத்தில் நாற்பது பேருக்கும் வயதாகிவிட்டது. தலை நரைத்து, மீசை வெளுத்து, கன்னம் மங்கி, காற்றில் ஆடிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் எழுத்து இருந்த இடமே தெரியவில்லை.

"அண்ணி! என்னா பண்ணி வச்சிருக்கீங்க?"

"சுடுதண்ணி ஊத்தி, சோப்புத்தூள் போட்டு, வாஷிங் மிஷின்ல ரெண்டு தடவை ஓட்டினேன்" என்றாள் மங்கலம் பெருமையாக. "எவ்ளோ சாயம் போச்சு தெரியுமா? மட்டமான துணிம்மா. உன்னை நல்லா ஏமாத்திப்புட்டான் கடக்காரன்."

எழிலரசி படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து, ஒரு சட்டையை எடுத்து, பழைய முகத்தின் மேலேயே புது முகத்தை அழுத்திப் பார்த்தாள். நூலளவு விலகிவிட்டது. இரண்டு மீசையும் நான்கு புருவமுமாக ஒருவன் எழுந்து வந்தான். அதைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் போட்டாள்.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்த இளவரசு ஒரு சட்டையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

"யாருடி இந்தக் கெழவன்?"

அவன் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தன்னையறியாமல் மீசையைத் தடவிக்கொண்டான்.

"மிஷின் கதை முடிஞ்சுது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான்.

பங்காளிப் பிள்ளைகளுக்கு வேறு உடை இல்லை. பேண்ட் வெள்ளை, பனியன் வெள்ளை என்று பேசி வைத்திருந்தார்கள். மறுநாள் காலையில் ஆளுக்கொரு கிழவனை மாட்டிக்கொண்டு வேனில் ஏறினார்கள். சட்டையைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக்கூடாது என்று இளவரசு உத்தரவு போட்டான். ஆலப்பாக்கம் தாண்டிய பிறகு, "பீரோவை யார் தூக்குவா, நாலு ஆளு வேணும்" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னான்.

சிதம்பரத்தில் மண்டபத்து வாசலில் மேளம் தொடங்கியது. பழம், பலகாரம், புதுத்துணி என்று தட்டுகள் முன்னால் போக, பிள்ளைகள் ஆடிக்கொண்டு பின்னால் வந்தார்கள். பவானியின் மாமனார் வைத்திலிங்கம் வரவேற்க வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு பையனின் நெஞ்சுக்குக் கிட்டே போய்க் குனிந்தார்.

"சம்பந்தி! தங்கராசு சம்பந்தி! அடடா, அச்சா அப்பிடியே இருக்காரே!"

தங்கராசு, இளவரசின் அப்பா. இறந்து ஆறு வருஷம் ஆகிறது. வெள்ளை மீசை.

வைத்திலிங்கம் இளவரசைக் கட்டிக்கொண்டார். "மாப்ள, இந்தக் காலத்துல எவன் இப்பிடி நெனைப்பான்? அவனவன் அவன் மூஞ்சிய போட்டுப் பேனர் வைக்கிறான். நீ உன் அப்பாவை நெஞ்சுல சொமந்து கூட்டியாந்திருக்க!"

இளவரசு அந்தச் சட்டையை ஒரு தடவை பார்த்துக்கொண்டான். "எல்லாம் ஒரு கடமைதான் மாமா" என்றான்.

அதற்குள் உள்ளேயிருந்து பவானி ஓடிவந்தாள். சட்டையைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது. "அண்ணே! பேரப்புள்ளைக்குக் காது குத்துறத அப்பா பாக்கலையேன்னு நெனச்சிக்கினே இருந்தேண்ணே. நீ அப்பாவையே கூட்டியாந்துட்டியே!"

உண்மை தெரிந்தவர்கள் அங்கே நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். ஆனால் பிரியாணி வாசம் வந்துகொண்டிருந்தது. பந்திக்கு முன்னால் யாருக்கும் வம்பு வேண்டியிருக்கவில்லை. மங்கலம் முந்தானையால் மூக்கைச் சிந்தி, "ஆமாண்டி, அப்பாவேதான்" என்று சேர்ந்து அழுதாள். எழிலரசி அவளைப் பார்த்தாள். அவள் எழிலரசியைப் பார்க்கவில்லை.

மேடையில் பிள்ளைகளை மடியில் வைத்துக் காது குத்தி முடிகிறவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. இளவரசின் முகத்தில் ஒரு களை கூட வந்துவிட்டது. இனி மிஷின் தப்பிக்கும் என்று எழிலரசிக்கு நம்பிக்கை துளிர்த்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

அப்போதுதான் பவானி மிச்சமிருந்த ஒரு சட்டையை வாங்கி மேடையில் நாற்காலியின் முதுகில் மாட்டினாள். எதிரே ஒரு ஸ்டூல் போட்டுக் குத்துவிளக்கை வைத்தாள். அவள் புருஷன் அருள்முருகன் ஒரு பெரிய சம்பங்கி மாலையோடு வந்தான்.

இளவரசின் முகம் சட்டையைவிட வெளுத்தது. உயிரோடு இருக்கிறவன் படத்துக்கு மாலையா! ஆனால் எப்படித் தடுப்பது? 'அது நான்' என்று சொன்னால் நாற்பது சட்டையிலும் நரைத்த மீசை அவனுடையது என்று சிதம்பரம் முழுக்கத் தெரிந்துபோகும். மடியில் பிள்ளையோடு அவன் எழிலரசியைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினான்.

மாலை உயர்ந்தது. எழிலரசிக்கு மிஷின் ஞாபகம் வந்தது, பீரோ ஞாபகமும் வந்தது. பிறகு அவள் ஓடினாள்.

"தம்பி, போடாதீங்க! அது உங்க மச்சான்!"

மேளம் நின்றது. அருள்முருகன் மாலையைத் தூக்கினபடியே நின்றான். சட்டையைப் பார்த்தான். மச்சானைப் பார்த்தான். மறுபடி சட்டையைப் பார்த்தான்.

"மச்சான் மீசை கறுப்புல்ல?"

"அது மேல் பூச்சு" என்றாள் எழிலரசி. "இது தண்ணியில அலசினது."

முதலில் சிரித்தது வைத்திலிங்கம்தான். பிறகு மண்டபமே சிரித்தது. சமையல்காரர்கள் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்கள். காது குத்தின வலியில் அழுதுகொண்டிருந்த பிள்ளைகூட நிறுத்திவிட்டு மாமாவின் மீசையைப் பிடித்து இழுத்துப் பார்த்தது. "மச்சான், உங்களுக்கு நானே மாலை போட இருந்தேனே" என்று அருள்முருகன் அந்த மாலையை இளவரசின் கழுத்திலேயே போட்டான். பவானி மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியிலிருந்து சட்டையை எடுத்து மடித்தாள்.

"யாரா இருந்தா என்னாண்ணே. இது எனக்கு" என்று உள்ளே கொண்டுபோனாள்.

திரும்பி வரும்போது வேனில் இளவரசு கழுத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்தான். பின்சீட்டில் பிள்ளைகள் அடக்கி அடக்கிச் சிரித்தார்கள். புதுச்சத்திரம் வந்ததும் கேட்டான்: "மேல்பூச்சுன்னு சொல்லணுமா? லைட்டு கம்மி, கேமரா சரியில்லன்னு சொல்லக்கூடாதா?"

"மாலை விழுந்தா பரவால்லியா?"

அவன் மாலையிலிருந்து ஒரு பூவைப் பிய்த்து முகர்ந்தான்.

"நெஜமாவே அப்பா மாதிரியா இருக்கேன்?"

"மீசை மட்டும்" என்றாள் எழிலரசி. "அவுரு குணம் நல்ல குணம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வைத்திலிங்கம் போன் செய்தார். அவர் மணிவிழாவுக்குச் சட்டை வேண்டுமாம். "எனக்கு நீயே ரெண்டு தண்ணி அலசிக் குடுத்துடும்மா. எதுக்கு ரிஸ்க்கு" என்றார்.

எழிலரசி போனை வைத்தபோது வாசலில் எலக்ட்ரீஷியன் லூர்துசாமி ஒயர்ச் சுருளோடு நின்றிருந்தார். நாலு ஆட்கள் வந்து பீரோவைத் தூக்குவார்கள் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"சார் வரச் சொன்னாரு" என்றார் லூர்துசாமி. "மீட்டர்லேருந்து தனி லைன் இழுக்கணும்னாரு. எங்க இழுக்கறது?"

குளியலறையிலிருந்து இளவரசின் குரல் வந்தது. அங்கே நேற்றுதான் அவன் ஒரு சின்னக் கண்ணாடி மாட்டியிருந்தான். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. டை வாடை கூடம் வரைக்கும் வந்தது.

"படுக்கை ரூம்ல, லூர்து! பீரோ இருந்த எடத்துல. மோட்டார் ஓடினாலும் என் பேன் நிக்கக்கூடாது, ஆமா!"