துத்தி விரியும் நேரம்

போர்க்காலத்தில் பற்றரிக்குத் தடை வந்தபின், போட்டிருந்த பற்றரியும் தீர்ந்து மீனாம்பிகையின் சுவர்க்கடிகாரம் நின்றுபோனது. பிறகு வேலியோரத் துத்திதான் நேரம் சொன்னது. பின்னேரம் அதன் மஞ்சள் பூ விரிந்ததும், காலொடிந்து சாவகச்சேரி ஆசுபத்திரியில் கிடந்த கணவர் பஞ்சலிங்கத்துக்குக் கஞ்சி கொண்டு புறப்படுவாள்.

ஒருநாள் மழை இருட்டு. மொட்டு அவிழவில்லை, அவளும் காத்திருந்தாள். போய்ச் சேர்ந்தபோது நோயாளரைப் பார்க்கும் நேரம் முடிந்து கேற் பூட்டியிருந்தது. கஞ்சியோடு திரும்பினாள்.

மறுநாள் பஞ்சலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நேற்று ஏன் வரேல்லை?"

"பூ விரியேல்லையப்பா."

"உது வெயிலைப் பாத்து விரியிறது. நீர் என்னையெல்லே பாக்க வாறனீர்?"

அடுத்த நாளிலிருந்து அவள் மத்தியானமே போய்க் கேற்றடியில் குந்தியிருந்தாள். போகையில் துத்தி மொட்டாக நிற்கும். இருட்டித் திரும்புகையில் பூ குவிந்திருக்கும். பஞ்சலிங்கம் வீடு வரும்வரை விரிந்த பூவை அவள் காணவேயில்லை.