போர்வையில் இடமில்லை

இன்று படையலுக்குத் துணி எடுக்க அத்தையோடு வில்லியனூர் கடைக்குப் போனேன்.

எங்கள் சின்னத் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து நாற்பதுகளில் போருக்குப் போனவர். திரும்பவில்லை, சாவுச் சேதியும் வரவில்லை.

அதனால் இறந்தவர்களுக்கு வைத்துக் கும்பிடும் வேட்டி அவருக்குக் கிடையாது. அதற்குப் பதில் வருஷம் ஒரு துண்டுத் துணியை அவர் போர்வையில் தைப்போம், வந்தால் போர்த்திக்கொள்ள.

இந்த வருஷம் போர்வையில் இடமே இல்லை.

"அவருக்கும் வேட்டியே எடுத்துடலாம் அத்தை. இருந்தா நூத்தியஞ்சு வயசு."

"எங்க சித்தப்பா செத்துட்டார்னு நீ சொல்றியாடி? சொல்லு பாப்போம்."

கையில் எடுத்த வேட்டியைத் திரும்ப வைத்தேன்.

போர்வையைப் பெரிதாக்க, கடைக்காரரிடம் அத்தை காடாத் துணி கேட்டார்.

"எத்தினி மீட்டர்மா?"

அத்தை என்னைப் பார்த்தார். நான் கடைக்காரரைப் பார்த்தேன்.

நீங்களாவது சொல்லுங்கள், எத்தனை மீட்டர் வாங்குவது?