என் கணவர் காட்டுக்குப் படித்த வருடம்

என் கணவர் லண்டனுக்கு வந்தது ஜெர்மனி வழியாக. ஜெர்மனிக்குள் வந்தது ஒரு பனிக்காடு வழியாக. கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் எல்லையில் இறக்கிவிட்டு, மரங்களுக்குள் கையைக் காட்டி, "நேர நடவுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். எங்கோ ஒரு நாய் குரைத்தது. இவர் பயந்து ஓடினார். ஓடிய வேகத்தில் ஒரு சப்பாத்து சேற்றோடு போய்விட்டது. மறுநாள் ஒரு விவசாயி இவரைக் கண்டெடுத்தபோது இடது காலில் இரண்டு விரல்கள் குளிரில் விறைத்துக் கறுத்துப்போயிருந்தன. அவற்றை வெட்டித்தான் எடுத்தார்கள்.

இந்தக் கதையைக் கல்யாணத்துக்கு முன்னரே எனக்குச் சொன்னார். பிறகு அதைப்பற்றிப் பேசியதே இல்லை. லண்டனில் ரெய்னர்ஸ் லேன் பக்கம் வீடு வாங்கினோம். வீடுகளைச் சூடாக்கும் ஹீற்றிங் பூட்டும் தொழிலைத் தொடங்கி நல்ல பெயரும் எடுத்தார். ஆனால் மரங்கள் நெருங்கி நிற்கும் இடத்தில் மட்டும் கால் வைக்கமாட்டார். ரைஸ்லிப் காடு எங்களுக்குக் கிட்டத்தான். பிள்ளைகளோடு நான் அங்கே நடக்கப் போனால், இவர் கார் பார்க்கில் தன் வேலை வண்டிக்குள் இருந்து பேப்பர் வாசிப்பார்.

எனக்கோ மலை ஏற ஆசை. நான் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பாளராக வேலை செய்தேன். கூட வேலை செய்த பெண்கள் திங்கட்கிழமைகளில் மலைக்குப் போய்வந்த கதைகளோடு வருவார்கள். கேட்கக் கேட்க எனக்கும் ஏறிப் பார்க்கவேண்டும் போல இருந்தது. அப்போதுதான் காட்டிலும் மலையிலும் சிக்கிக்கொண்டால் உயிர் தப்புவது எப்படி என்று கவுன்சில் ஒரு மாலை வகுப்பு நடத்துவது தெரியவந்தது. நான் பெயரைக் கொடுத்துவிட்டு வந்து இவரிடம் சொன்னேன்.

"உமக்கு விசரே? காட்டுக்குள்ள போய் அவதிப்படுறதுக்கு ஆரும் படிப்பினமோ?" என்றார்.

"அவதிப்படாமல் வாறதுக்குத்தான் படிக்கப் போறன்."

முதல் வகுப்புக்கு என்னைக் கொண்டுபோய் இறக்கியவரும் அவர்தான். அன்று நல்ல மழை. வண்டியின் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து மங்கியதால் உள்ளே வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்துகொண்டார்.

படிப்பித்தவர் முன்பு நேர்ஸாக இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. மெலிந்த உடம்பு, உரத்த குரல். கத்தியும் நெருப்பும் காட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தோம். அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து காட்டினார். வழி தவறியவர்களை முதலில் கொல்வது பசியுமல்ல, மிருகமுமல்ல, அவசரம்தான் என்றார். வழி தெரியவில்லை என்று உணர்ந்தவுடன் நில்லுங்கள், உட்காருங்கள், சூடாக ஏதாவது குடியுங்கள், அதற்குப் பிறகு யோசியுங்கள் என்றார்.

பின்னால் இருந்து என் கணவரின் கை உயர்ந்தது. "பயத்தில் கால் தானாக ஓடினால் என்ன செய்வது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை. "ஓடுவது உடம்போடு பிறந்தது. உட்காருவதைத்தான் பழக்க வேண்டும். பழக்கலாம்," என்றார்.

திரும்பி வரும்போது ஹாரோவில் சிவப்பு விளக்குக்கு நின்றோம். "இதை எனக்கு அப்ப ஒருத்தரும் சொல்லேல்லை," என்றார். அடுத்த கிழமை அவரும் பெயரைப் பதிந்துவிட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் பின்வளவு பட்டபாடு கொஞ்சமல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில், அதுவும் மழை பெய்தால்தான், வெளியே இறங்குவோம். மழைக்கு மறைப்பாகத் தறப்பாளை வேலிக்கும் அப்பிள் மரத்துக்கும் நடுவே இழுத்துக் கட்டுவோம். ஈர விறகின் உள்மரத்தைச் சீவிச் சீவி, வாஸலின் தடவிய பஞ்சில் நெருப்பு மூட்டுவோம். முதல் இரண்டு ஞாயிறும் புகைதான் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, ஹீற்றிங்காரர் வீட்டிலேயே ஹீற்றிங் பழுதா என்று விசாரித்தார். எங்கள் ஜீன்ஸ் எல்லாம் அலுமாரிக்குள் போயின. நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், கம்பளி நனைந்தாலும் சூடு காக்கும் என்று படித்திருந்தோம். வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் இவர் அதை விளக்கினார். தேத்தண்ணி ஆறும்வரை விளக்கினார்.

ஆனாலும் காடு மிச்சம் இருந்தது.

ஒருநாள் காலையில் சாப்பிட்டுவிட்டு, "வாரும், ரைஸ்லிப்புக்குப் போவம்," என்றார். அவராகவே சொன்னார். வண்டிக்குள் இருக்காமல் என்னோடு மரங்களுக்குள் நடந்தார். கொஞ்சத் தூரம்தான் போயிருப்போம், யாரோ நடக்கக் கூட்டிவந்த நாயொன்று பலமாகக் குரைத்தது. அவர் முகம் வெளுத்தது. கால்கள் ஓடத் திரும்பியதை நான் பார்த்தேன். பிறகு அவர் அந்த ஈர நிலத்திலேயே, ஓக் மரமொன்றின் அடியில், தொப்பென்று உட்கார்ந்தார். பையிலிருந்த தேத்தண்ணி ஃபிளாஸ்க்கைத் திறந்தார். ஊற்றும்போது பாதி வெளியே சிந்தியது. மிச்சத்தைக் குடித்தார்.

"இருந்திட்டன், பாத்தீரோ," என்றார்.

"பாத்தனான்," என்றேன். எங்கள் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போனபோதுகூட எனக்கு நெஞ்சு அப்படி நிறைந்ததில்லை.

அடுத்த வசந்தத்தில் வேல்ஸில் ஒரு மலைக்குப் போனோம். உயரமான மலை அல்ல, நல்ல வெயிலும் எறித்தது. உச்சியை நெருங்கியபோது முகில் இறங்கி எங்களை மூடியது. நீட்டிய கை தெரியவில்லை. நான்தான் பதறினேன்.

"இறங்குவம், கெதியா இறங்குவம்."

"இரும்," என்றார். "முதல்ல இரும்."

பாறை மறைவில் உட்கார்ந்தோம். முகில் விலகவில்லை, குளிர்காற்றோடு தூறலும் பிடித்தது. ஒரு மணி நேரமிருக்கும், கற்கள் சரியும் சத்தத்தோடு ஒரு மனிதர் முகிலுக்குள்ளிருந்து தள்ளாடி வந்தார். அறுபது வயதிருக்கும். தனியாக வந்தவர், பருத்திச் சட்டை முழுவதும் நனைந்திருந்தது. வாய் குளறியது. தனக்கு வேர்க்கிறது என்று சொல்லி ஜாக்கெட்டைக் கழற்றத் தொடங்கினார்.

என் கணவர் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "குளிர் இவரின்ர மூளைக்கு ஏறீட்டுது. அந்தப் பையை எடும்," என்றார் என்னிடம்.

ஈரச் சட்டையைக் கழற்றி, என்னுடைய கம்பளிச் சட்டையைப் போட்டுவிட்டு, ஆள் நுழையக்கூடிய, சூடு காக்கும் செம்மஞ்சள் நிறப் பிளாஸ்ரிக் பைக்குள் அவரைக் கழுத்துவரை இறக்கினோம். சாக்கில் சோளம் கட்டுவது போலத்தான் இருந்தது. நான் சீனி கூடப் போட்ட தேத்தண்ணியைச் சிறிது சிறிதாகப் பருக்கினேன். இவர் விசிலை எடுத்து, வகுப்பில் படித்த அபாய அடையாளமாக, ஆறுமுறை ஊதுவார், ஒரு நிமிடம் பொறுப்பார், மறுபடி ஊதுவார். இடையிடையே அந்த மனிதரின் பெயரையும் மனைவியின் பெயரையும் கேட்டுக்கொண்டே இருந்தார், நித்திரையாகிவிடாதபடிக்கு. ஓடவேண்டும் என்ற எண்ணம் எனக்கும் போய்விட்டது. செய்வதற்கு வேலை இருந்தது.

நெடுநேரத்துக்குப் பிறகு எங்கள் விசிலுக்கு மறுவிசில் கேட்டது. கீழே யாரோ கேட்டுச் சொல்லி, மலை மீட்புக் குழுவினர் ஏறி வந்திருந்தார்கள். அந்த மனிதரின் நாடியைப் பார்த்த பெண், இன்னும் சற்று நேரம் இவர் தனியாகத் திரிந்திருந்தால் தாங்கள் கண்டெடுத்திருப்பது உடலைத்தான் என்றாள். பிறகு என் கணவரைப் பார்த்து, "செய்ய வேண்டியதையெல்லாம் செய்திருக்கிறீர்கள்," என்றாள். அவர் விசிலைத் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

திரும்பும் வழியில், மோட்டர்வேயில் சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். என் கணவர் முன்பின் தெரியாதவர்களோடு ஆங்கிலத்தில் கதை வளர்ப்பவர் அல்ல. அன்று சிப்ஸுக்குக் காசு எடுத்த பெண்ணிடம், "நாங்கள் இன்று ஒரு ஆளைக் காப்பாற்றினோம்," என்று தொடங்கினார். பின்னால் வரிசை நீண்டது. அவள் மேசையில் முழங்கையை ஊன்றிக் கேட்டாள். அவர் விட்ட இடங்களையெல்லாம் நான் பக்கத்தில் நின்று நிரப்பினேன்.