கணப்படுப்புக்குள் கேட்ட குரல்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

அல் கூஸ் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து எங்களைப் பாலைவனத்தில் ஒரு சைட்டுக்குக் கொண்டுபோவார்கள். இங்கிலாந்தில் இருந்த பழைய பண்ணை வீட்டை அரபி முதலாளி ஒருவர் வாங்கி, கல் கல்லாகப் பிரித்துக் கப்பலில் வரவழைத்து, அப்படியே திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார். தடித்த கல் சுவர், சின்னச் சின்ன ஜன்னல், குனிந்து நுழையும் வாசல், குளிர்காயச் சுவருக்குள் நெருப்பு மூட்டுகிற, ஆளே உள்ளே நிற்கக்கூடிய கணப்படுப்பு. அதன் பின்னால் தாங்கலுக்காக நாங்கள் ஒரு பிளாக் சுவர் எழுப்பியிருந்தோம். இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய சந்து, மேலே மட்டும் திறப்பு.

அன்று சாயங்காலம் புழுதிக்காற்று. பஸ் ஏறும்போது பார்த்தால், புகைபோக்கியில் பூச்சு வேலைக்கு ஏறிய என் ரூம்காரர் செல்வத்தைக் காணோம். பிறந்த மகளை இன்னும் பார்க்காத மனுஷன்.

"முதல் பஸ்ல போயிருப்பான். கல்லாஸ், வேலை முடிஞ்சுது, ஏறு" என்றார் சூப்பர்வைசர்.

"கால்ல விழுறேன் சார், கொஞ்சம் பொறுங்க."

ஓடினேன். அவர் போன் அணைந்திருந்தது. கூரை, மாடி, எங்கும் ஆளில்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டி, அழுதபடி கணப்படுப்பு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் கேட்டது.

"மாப்ள, குளிருது."

அவர் குரலேதான். கல் தொட்டால் சுடுகிற வெக்கையில் குளிருதாம். உள்ளே நுழைந்து அண்ணாந்தால் புழுதி வானம் மட்டும். குரல் பின்பக்கக் கல்லிலிருந்து வந்தது. கடப்பாரையை எடுத்தேன்.

"பேசிக்கிட்டே இருங்க மாமா, தூங்கிறாதீங்க."

"குளிருது மாப்ள."

நகம் பிய்ந்து ரத்தம் வந்தது, நிறுத்தவில்லை. ஒரு கல் பெயர்ந்ததும் டார்ச் அடித்தேன். மேலிருந்து சந்துக்குள் விழுந்து, ஒருக்களித்துச் சிக்கிக் கிடந்தார். நினைவில்லை. வாயெல்லாம் மண்.

பிழைத்துவிட்டார். ஆனால் தாடை இரண்டாக உடைந்திருந்தது, விழுந்த பிறகு ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தாடை சேர்ந்து அவர் ஊருக்குப் போனபின், அன்றைக்கு எப்படிக் கூப்பிட்டீர்கள் என்று போனில் கேட்டேன்.

"நான் உன்னயக் கூப்பிடல மாப்ள. பக்கத்துல இருந்தாருல்ல, அவரா இருக்கும். நீ கல்ல எடுக்குற வரைக்கும் என் தலைய மடியிலதான் வச்சிருந்தாரு. கையி ஐஸ் மாதிரி."

அந்தச் சந்தில் இன்னொருவர் கை நுழையக்கூட இடமில்லை.